சுற்றிக்கொண்டிருந்த ஷாப்ட்

ஜூன் 23, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணி இரண்டு தடவை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. குற்றாலத்தில் சாரலாம். இங்கே புழுதி மட்டும்.

மஸ்கட்டில் படகு வேலை. லீவில் வந்து ஐந்து நாள். செய்ய வேண்டியவை:

– கேஸ் அடுப்பு, இடது பக்கம் எரியவில்லை
– ரேஷன் கார்டு, கைரேகை
– தண்ணீர் மோட்டாருக்கு வாஷர்
– பல்
– கடையநல்லூர்

முதல் நான்கும் முடிந்தது. அடுப்பை இன்னொரு தடவையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதற்கு அவசியமே இல்லை.

மனைவி கிரேஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"கடையநல்லூருக்கு, ஹனிபா வீட்டுக்கு எப்பம் போறீங்க?"

"போகணும்."

"வந்த அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

"போன் எடுக்க மாட்டுக்கான்."

"எடுக்காட்டா என்ன? ஒம்பது வருசம் ஒங்ககூட வேலை பாத்தவன். கை போயி வீட்டுல கெடக்கான். ஊருல இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கலன்னா அவன் பொண்டாட்டி என்ன நினைப்பா?"

சாயங்கால ஜெபத்தில் ஹனிபாவுக்காகவும் வேண்டினாள். அந்தச் சகோதரனுக்குப் பெலன் தாரும் என்று. ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்டை கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டாள். சுக்குத் தண்ணீர் வந்தது.

ஹனிபாவுக்குப் போன்: 3 தடவை. எடுக்கவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

அதே காற்று. கண்ணில் மண். முடி வெட்டினேன்.

பக்கத்து வீட்டு முருகையா அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். அவர் வீட்டின் பின்பக்கம் ஆறு விசைத்தறி. வாசலில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"கடையநல்லூர்ப் பையனுக்குக் கை போச்சாமே. எஞ்சின் ஓடும்போது கைய வச்சானோ?"

"எஞ்சின் ஓடல அண்ணாச்சி. பாய் விரிச்சுக் காத்துலதான் போய்க்கிட்டு இருந்தோம்."

"எஞ்சின் ஓடலன்னா கை எப்படிவே போவும்?"

சொன்னேன். எஞ்சினை நிறுத்தினாலும் படகுக்கு அடியில் புரொப்பல்லர் நிற்காது. அதை எஞ்சினோடு இணைக்கிற இரும்புத் தண்டு, ஷாப்ட், அதுவும் நிற்காது.

"அதை யாரு சுத்துதா?"

"ரோட்டோரம் நிக்குல்லா காத்தாடி, அதை யாரு சுத்துதா? காத்துதானே. அங்கன தண்ணி சுத்துது. படகு வேகமாப் போகப் போக அதுவும் வேகமாச் சுத்தும்."

"சும்மாதானே சுத்துது. சுத்திட்டுப் போகுது."

சும்மாதான் சுற்றுகிறது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். சில கியர் பாக்ஸுக்கு அது ஒன்றும் செய்யாது. சிலவற்றில் ரிவர்ஸில் போட்டால் ஷாப்ட் நின்றுவிடும். எங்கள் படகில் இருந்தது இரண்டும் இல்லை. உள்ளே எண்ணெயைச் சுற்றிவிடுகிற பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்று ஷாப்ட் மட்டும் சுற்றினால் எண்ணெய் போகாது. சூடேறும். மணிக்கணக்காக விட்டால் கியர் பாக்ஸ் தீய்ந்துவிடும். ரிவர்ஸில் போட்டாலும் பிடிக்காது. அதனால் ஷாப்டைப் பிடித்து வைக்க ஓர் இரும்புப் பூட்டு உண்டு. அதன் போல்ட் முறிந்திருந்தது. புதியது வரும்வரை கயிற்றால் கட்டு என்று ஓனர் ஆபீஸில் சொன்னார்கள்.

அண்ணாச்சிக்கு இவ்வளவும் சொன்னேன். தறிக்காரர். சட்டென்று புரிந்துகொண்டார்.

"அப்பம் அதை நிப்பாட்டிட்டுல்லா கயிறைக் கெட்டணும்?"

"ஆமா. படகை நிப்பாட்டினா தண்ணி தள்ளாது. ஷாப்டும் நின்னுரும். பெறவு கெட்டலாம்."

"நிப்பாட்டலியோ?"

உள்ளே அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.


ஜூன் 26, வியாழன்

கிரேஸ் பள்ளிக்கூடத்தில். வீட்டில் நான் மட்டும். எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

பிப்ரவரி. மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு ஒரு பாய்ப்படகைக் கொண்டுபோய் விடுகிற வேலை. நாற்பத்தைந்து அடி. மூன்று பேர். வெள்ளைக்காரக் கேப்டன். எஞ்சினுக்கு நான். பாய், கயிறு, சமையல் எல்லாம் ஹனிபா.

இரண்டாம் நாள் மத்தியானம். நல்ல காற்று, பின்னாலிருந்து. படகு பாய்ந்துகொண்டு போனது. ஹனிபா மீன் ஆணம் வைத்திருந்தான், அவர்கள் வீட்டுக் குழம்பு. நான் இரண்டு தடவை சோறு வாங்கினேன். காலையில் கட்டிய கயிறு எப்போதோ அறுந்திருக்கிறது. ஷாப்ட் சுற்றுகிற சத்தம் தரைக்கு அடியிலிருந்து ஊ என்று வந்துகொண்டே இருந்தது. கியர் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை.

எஞ்சினைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டிருந்தால் எண்ணெய் சுற்றிச் சூடு இறங்கியிருக்கும். டீசலைத் தொடாதே என்று கேப்டன் காலையில்தான் சொல்லியிருந்தார். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கேப்டனை எழுப்ப வேண்டும். அவர் விடிய விடிய முழித்திருந்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்பினால் முகத்தைக் காட்டுவார். எனக்கு இடுப்பு வலி வேறு. வயிறு நிறைய சாப்பாடு. சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"லே ஹனிபா, கீழ போயி அந்தக் கயித்தைப் போட்டுரு" என்றேன்.

அவன் கயிறை எடுத்துக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தவன் திரும்பினான்.

"படகை நிப்பாட்டாண்டாமா அண்ணாச்சி?"

கேட்டான். தெளிவாகத்தான் கேட்டான். காற்றுச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது.

"ஒரு நிமிச வேலை. போட்டுருலே" என்றேன்.

போய்விட்டான். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

கீழே அவன் அலறிய சத்தம் கேட்டுக் கேப்டன் எழுந்து ஓடிவந்தார். படகைத் திருப்பிப் பாயைத் தளர்த்தினோம். ஷாப்ட் நின்றது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் முதலில் கொடுக்கவில்லை.

கயிறு ஷாப்டில் இறுக்கிச் சுற்றியிருந்தது. அவன் கையும் அதற்குள். நான்தான் கத்தியால் வெட்டி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எஞ்சினைப் போட முடிந்தது. கரை சேரப் பத்தொன்பது மணி நேரம். அவ்வளவு நேரமும் அவன் தலை என் மடியில். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான். உம்மாவைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அவன் மயக்கத்தில் கிடந்தபோது கேப்டன் ஒரு தாளை நீட்டினார். படகு நிற்குமுன் ஊழியர் தானாகவே கயிறு போட முயன்றார், எச்சரித்தும் கேட்கவில்லை என்று இருந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.


ஜூன் 28, சனி

மூட்டம். மழை இல்லை. கடையநல்லூருக்கு 9.10 பஸ். புளியங்குடியில் இருபது நிமிடம் போட்டுவிட்டான்.

ஹனிபா வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. பேரைச் சொன்னதும் தேநீர்க் கடையில் ஒருவர், "கை போன ஹனிபாவா?" என்றார். அதுதான் இப்போது அடையாளம்.

அவன் மனைவி மைமூன் கதவைத் திறந்தாள். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "யாரு?" என்றாள்.

"சங்கரன்கோவில் சாலமோன்மா."

முகம் மாறவில்லை. "இருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். நல்ல மாம்பழமாகப் பார்த்து வாங்கிப் போயிருந்தேன். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

உள்ளே அவள் குரல், மெதுவாக. பிறகு அவன் குரல்.

"போச் சொல்லு."

நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை.

அவள் வந்து, "ஒறங்குதாக" என்றாள். பிறகு, அவளாகவே: "வீட்டுக்கு வந்ததுல இருந்து இப்படித்தான். யாருகூடயும் பேச்சு இல்ல. இவுக அவசரப்பட்டதுக்கு யாரைக் குத்தஞ்சொல்ல? வேலைக்கு அனுப்புன ஏசண்டு அந்தத் தாளை வாசிச்சுக் காட்டுனாரு. நிப்பாட்டுறதுக்கு முந்தியே கைய விட்டாகளாம். நீங்க எல்லாம் சொல்லியும் கேக்கலியாம்."

அவள் என்னிடம், என்னிடமே, வருத்தப்பட்டுச் சொல்கிறாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாம்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தது. உட்காரப் பிடிக்கவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

வெயில். குழாயில் தண்ணீர் வந்தது, ஒரு மணி நேரம்.

கிரேஸிடம் சொல்லிவிட்டேன். அவள் ஆறாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள்.

"அவன் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க ஒரு நிமிச வேலை, போட்டுருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சரி. அதுகூட மனுசன் அசந்துபோறது. பெறவு அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டீங்கள்லா, அது?"

அவள் திருத்திய நோட்டுகளை நான் அடுக்கத் தொடங்கினேன்.

"நாலு மாசமா நான் அவனுக்காக ஜெபம் பண்ணுதேன். ஊருக்கு வந்ததுல இருந்து நீங்களும் பக்கத்துல முட்டி போட்டுக்கிட்டு இருந்தீங்க."

அழவில்லை. திட்டவும் இல்லை. மீதி நோட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சாப்பாடு போட்டாள். பேசவில்லை. ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை. தனியாகப் பண்ணினாள்.

ஹனிபாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பத்து வரி எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி. "நீ கேட்டாய். நான் பொய் எழுதிக் கொடுத்தேன்."

நீல டிக் வந்தது. பதில் இல்லை.


ஜூலை 2, புதன்

ஒன்றும் இல்லை. மோட்டார் மறுபடி ஒழுகுகிறது.

மாலை ஐந்தரைக்கு மைமூன் போன். "வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சு வரச் சொன்னாக. தனியா." ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. குரலிலேயே தெரிந்தது.


ஜூலை 4, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

ஹனிபா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. இளைத்திருக்கிறான். வலது முழங்கைக்குக் கீழே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான். மைமூன் உள்வாசலில் நின்றாள். பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஹனிபா…" என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லும்."

ஒன்பது வருடமாக 'நீங்க' என்றுதான் சொல்வான். இன்று 'சொல்லும்'.

"என்னத்த சொல்லணும்?" என்றாள் மைமூன், அவனைப் பார்த்து.

"நான் கேட்டேன்னு சொல்லும். நான் ஆயிரந்தடவை சொல்லிட்டேன். இவ நம்பல. எழுத்துல இருக்குல்லான்னு கேக்கா. ஒம்ம எழுத்து."

சொன்னேன். எழுந்து நின்றுதான் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. படகை நிப்பாட்டாண்டாமா என்று இவன் கேட்டான்மா. நான்தான் வேண்டாம் என்று அனுப்பினேன். எனக்குச் சோம்பல். கேப்டனை எழுப்பப் பயம். இவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. தாளில் இருப்பது பொய். நான் போட்ட கையெழுத்து.

மைமூன் உள்வாசலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கேட்டாகளா?"

"கேட்டான்மா."

"வாயத் தொறந்து கேட்டாகளா?"

"கேட்டான். படியில நின்னு திரும்பிக் கேட்டான்."

அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். என்னை ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாலு மாசமா நான் இவுகள என்னெல்லாம் சொல்லியிருக்கேன். ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒனக்கு என்ன அவசரம், ஒனக்கு என்ன துடுக்குன்னு. விடிஞ்சா அடைஞ்சா அதே பேச்சு. கை வலிக்குதுன்னு சொன்னா, வலிக்கட்டும்னு சொல்லியிருக்கேன். எங்க உம்மாகிட்டயும் சொன்னேன். தெருவுல கேட்டவுகட்ட எல்லாம் சொன்னேன்."

"போதும் மைமூன்."

"வலிக்கட்டும்னு சொன்னேனே."

"போதும்ங்கேன்ல."

அவன் குரல் உடைந்தது அங்கேதான். ஆஸ்பத்திரியில்கூட நான் அவன் அழுது பார்த்ததில்லை.

பிறகு என்னைப் பார்த்தான். "அந்தத் தாளை என்ன செய்யப் போறீரு?"

"மாத்தி எழுதுதேன். ஓனருக்கு, கேப்டனுக்கு, ஏசண்டுக்கு, எல்லாருக்கும்."

"எழுதும். எனக்காக இல்ல. என் கை இனி வராது. அந்தப் படகுல இப்பமும் எவனோ ஒருத்தன் கீழ எறங்கிக்கிட்டுத்தான இருப்பான்."

"மன்னிச்சுருலே" என்றேன்.

"அதைக் கேக்காதீரும். இப்போதைக்கு அது எங்கிட்ட இல்ல." இடது கையால் துண்டைச் சரிசெய்துகொண்டு, "இனி இங்கன வராதீரும் அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி என்ற வார்த்தை பழக்கத்தில் வந்தது. சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாக இருந்ததைப் பார்த்தேன்.


ஜூலை 6, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. கிரேஸ் மட்டும் போனாள். பவர் கட், பத்திலிருந்து இரண்டு.

கடிதம். முதல் பக்கம் நடந்தது. யார் கேட்டார், யார் சொன்னார், யார் பொய் எழுதினார். இரண்டாம் பக்கம் அந்தப் படகில் அடுத்து எஞ்சின் பார்க்கிறவனுக்கு:

1. பாயில் போகும்போது ஷாப்டைச் சும்மா சுற்றவிடலாமா என்று முதலில் கியர் பாக்ஸ் புத்தகத்தைப் பார். எல்லாம் ஒன்றல்ல. இதில் விடக் கூடாது.
2. பூட்டு மாட்டுமுன் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பு. வேகம் போக வேண்டும். ஷாப்ட் நின்றதைக் கண்ணால் பார். காதை நம்பாதே.
3. பூட்டு இல்லையென்றால் கயிறு வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு எண்ணெயைச் சுற்றவிடு. டீசல் போனால் போகட்டும்.
4. பூட்டு மாட்டினால் எஞ்சின் சாவியில் சீட்டு கட்டு. கழற்றாமல் எஞ்சினைப் போட்டுவிடாதே.
5. சுற்றுகிற ஷாப்டுக்குப் பக்கத்தில் யாரையும் அனுப்பாதே. கேப்டன் உறங்கினால் எழுப்பு.

ஐந்தாவதை எழுதும்போது மட்டும் நிறுத்திவிட்டேன். வெளியே போய் நின்றுவிட்டு வந்து முடித்தேன்.

இங்கிலீஷில் ஆக்குவதற்குக் கிரேஸ் உதவினாள். ஆறு நாளில் என்னோடு அவள் பேசியது இதுதான். "இந்த எடத்துல 'ஆர்டர்'னு போடவா, 'ரெக்வெஸ்ட்'னு போடவா?"

"ஆர்டர்னு போடு."

போட்டாள். 4.20க்கு மெயில் அனுப்பினேன். ஏஜெண்டுக்குத் தமிழில் தனியாக.


ஜூலை 11, வெள்ளி

புழுதிக் காற்று. இரண்டு துளி விழுந்தது. நின்றுவிட்டது.

ஓனர் ஆபீஸிலிருந்து பதில். புதிய அறிக்கையைப் பெற்றுக்கொண்டார்கள். பழையதை ரத்து செய்து ஹனிபாவுக்கும் ஏஜெண்டுக்கும் எழுதியிருக்கிறார்கள். புதிய பூட்டு மாட்டியாயிற்றாம். அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் திரும்ப வர வேண்டியதில்லை.

கேப்டனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கிரேஸிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சரி. இங்கனயே இருங்க" என்றாள். இரண்டு டம்ளரில் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குடித்தோம்.


ஜூலை 14, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மோட்டார் கடைக்குப் போகக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது போன். மைமூன்.

"ஏசண்டு வந்து புதுத் தாளைப் படிச்சுக் காட்டிட்டுப் போனாரு. எங்க உம்மாவும் இருந்தாக."

"சரிம்மா."

"அதுக்குக் கூப்பிடல." பின்னால் ஒரு பிள்ளை எதையோ பாடமாகப் படிக்கிற சத்தம். "நாலு மாசமா இவுக கதவைச் சாத்திக்கிட்டு எடது கையில ஸ்பூனை வச்சுத் தனியாத்தான் சாப்பிட்டாக. நான் ஊட்டப் போனா தட்டைத் தள்ளிருவாக. நேத்து மத்தியானம் பெசஞ்சு கொண்டுபோனேன். வாயத் தொறந்தாக."

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"முழுத் தட்டும் சாப்பிட்டாக. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டேதான். இதை யாருகிட்ட சொல்லன்னு தெரியல. அதான் கூப்பிட்டேன். ஒங்க மேல எனக்கு மனசு ஆறிட்டுன்னு நினைச்சுராதீங்க."

"நினைக்கலம்மா."

"ஆறாது."

"சரிம்மா."

"வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். ஒரு காலில் செருப்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.